சோழிக்கு மெருகு ஏற்றியது யார்?

தை பிறக்கப்போகிறது என்றாலே சூளகிரி வட்டாரத்தில் காளைகளுக்கு அலங்காரம் தொடங்கிவிடும். கொம்புக்கு வண்ணம், காலுக்குச் சலங்கை, கழுத்துக்குச் சோழிப்பட்டை. எருதுவிடும் விழாவில் ஓடப்போகிற காளை என்றால் பட்டை இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று கனக்கும். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் விற்கிற கடைக்குப் போனால் இந்தப் பட்டையைக் கையில் எடுத்தே பார்க்கலாம்.

எடுத்துப் பார்த்த யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். இத்தனை வழவழப்பு இதற்கு எங்கிருந்து வந்தது? சங்கைக் கடலிலிருந்து எடுத்து, மேல்தோல் நீக்கி, தேய்த்து, கடைந்த பிறகுதான் அது மின்னுகிறது. மழைக்குப் பிறகு தோட்டத்தில் ஊரும் நத்தையின் ஓடோ மங்கலாக, சொரசொரவென்று இருக்கிறது. சோழியை யாரும் கடைவதில்லை, தேய்ப்பதில்லை, வார்னிஷ் பூசுவதில்லை. பாறை இடுக்கிலிருந்து எடுக்கும்போதே அது அப்படித்தான் மின்னுகிறது. மணலும் அலையும் கல்லும் ஓயாமல் உரசுகிற இடத்தில் வாழும் ஒரு பொருளுக்குக் கீறலே விழவில்லை என்றால், அந்த மெருகை ஏற்றியவரும் அதைக் காத்தவரும் யார்?

கையில் இருப்பது எது?

சூளகிரியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைத் தொட 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த ஊர்களில் சோழி இல்லாத வீடு பழைய காலத்தில் குறைவு. தாயம் ஆட நாலைந்து, பல்லாங்குழிக்கு ஒரு கை நிறைய, லம்பாடிப் பெண்களின் உடையிலும் பையிலும் வரிசை வரிசையாக, சித்த மருத்துவரிடம் பலகறைப் பற்பமாக என்று அது எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மாட்டுப் பட்டையில் பெரும்பாலும் இரண்டு இனங்கள்தான் இருக்கும். ஓரங்களில் புடைப்புடன், கொஞ்சம் கோணலாக, வெளிறிய மஞ்சளில் இருப்பது காசுச் சோழி. சீரான முட்டை வடிவில், முதுகின் மேல் ஆரஞ்சு நிற வளையம் ஓடுவது மோதிரச் சோழி. இரண்டும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தார். காசாகப் புழங்கியது என்பதால் முதலாவதற்கு ‘மொனேட்டா’ என்று பெயர் கொடுத்தார். இன்று அதன் முழுப்பெயர் மொனேட்டேரியா மொனேட்டா.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை, ஆழம் குறைந்த பவளப்பாறைகளில் காசுச் சோழி வாழ்கிறது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பகலில் கல்லுக்கடியிலும் பவள இடுக்கிலும் பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். சுரண்டுவதற்கு அதன் வாயில் நுண்ணிய பற்கள் வரிசையாகப் பதிந்த ஒரு நாடா இருக்கிறது. அரம்போல வேலை செய்வதால் அதை அரநாக்கு என்போம். இத்தனை அழகான ஓட்டுக்குள் இருப்பது நத்தைதான். தோட்டத்து நத்தைக்கு அது தூரத்துச் சொந்தம்.

உள்ளே வழவழப்பு, வெளியே சொரசொரப்பு

விடையின் முதல் நுனி ஏரியில் கிடக்கும் சாதாரண நத்தை ஓட்டிலேயே இருக்கிறது. வற்றிய ஏரிக்கரையில் ஒரு காலி ஓட்டை எடுத்து, வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத் தோல், வளர்ச்சி வரிகள், அங்கங்கே உரிந்த இடங்கள். பிறகு விரலை வாய்க்குள் விட்டு உள்சுவரைத் தடவுங்கள். விரல் வழுக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் உள்சுவர் மினுங்கும்.

ஓடு ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். ஒரு பக்கம் வெயிலையும் சேற்றையும் பார்த்தது, மறுபக்கம் நத்தையின் ஈரமான உடம்பு எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். நத்தை, சங்கு, சிப்பி எல்லாவற்றுக்கும் உடம்பைச் சுற்றி மெல்லிய சதைப் போர்வை ஒன்று உண்டு. பாடநூல்களில் மேன்டில் என்று வரும். இங்கே அதைப் போர்வைச்சதை என்று அழைப்போம். ஓட்டைக் கட்டுகிற கொத்தனார் இதுதான். சுற்றியுள்ள நீரிலிருந்தும் உணவிலிருந்தும் கால்சியத்தைச் சேர்த்து, சுண்ணாம்பாக்கி, ஓட்டின் மேல் படிய வைக்கிறது. போர்வைச்சதை தொட்ட இடத்தில் புதுப் படிவு விழும். புதுப் படிவு விழுந்த இடம் வழவழப்பாகும்.

இப்போது சோழிக்கு வாருங்கள். சோழியின் வெளிப்பக்கம் ஏரி நத்தையின் உள்பக்கம் மாதிரியே இருக்கிறது. அப்படியானால் அதன் வெளிப்பக்கத்தையும் போர்வைச்சதை தொட்டிருக்க வேண்டும்!

ஓட்டின் மேல் ஏறும் உடம்பு

அப்படித்தான் நடக்கிறது. உயிருள்ள சோழி இரவில் மேயக் கிளம்பும்போது, அடியில் இருக்கும் நீண்ட பிளவு வழியாகப் பாதம் வெளியே வரும். கூடவே போர்வைச்சதையும் இடமும் வலமுமாக இரண்டு மடலாக வெளிவரும். மடல்கள் ஓட்டின் இரு பக்கமும் மெல்ல மேலேறி, முதுகின் உச்சியில் ஒன்றையொன்று சந்திக்கும். சந்தித்த பிறகு ஓடு கண்ணுக்கே தெரியாது. சாம்பலும் கறுப்பும் கலந்த சதையும், அதன்மேல் கிளை விட்ட சிறு சிறு நீட்சிகளும் மட்டும் தெரியும். பாசி படிந்த கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். தொட்டால் போதும், மடல்கள் சரசரவென்று உள்ளே இழுபடும்; சதைக்கட்டி இருந்த இடத்தில் பளிங்குபோல மின்னும் ஓடு தோன்றும். தாக்க வந்த மீனை இந்தத் திடீர் மாற்றம் தயங்க வைக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

ஓசூர் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிற்கு முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், கடைசியாகத் தெளிந்த மேல்பூச்சு என்று வெளியிலிருந்து அடுக்கடுக்காக அடிப்பார்கள். சோழியும் அதே வரிசையில்தான் பூசுகிறது. இளம் ஓட்டின் மேல் நிறமும் புள்ளியும் வளையமும் விழுகின்றன. அவற்றின் மேல் சுண்ணாம்புப் படிவம் கண்ணாடிபோலப் படிகிறது. ஆனால் டாங்க் ஷோரூமுக்குப் போன பிறகு கீறல் விழுந்தால் பெயிண்டர் கூடவே வருவதில்லை. சோழியின் பெயிண்டர் ஒவ்வொரு இரவும் மறுபடி ஏறி வந்து, சிறு கீறலை நிரப்பி, ஒட்ட வந்த பாசியையும் பூச்சியையும் இடம் பிடிக்கவிடாமல் துடைத்துவிட்டுப் போகிறார்.

ராமேசுவரத்துக் கடைகளில் இருக்கும் பெரிய புலிச்சோழியின் முதுகைப் பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே நெளிந்து ஓடும் ஒரு வெளிறிய கோடு தெரியும். இரண்டு மடல்களும் வந்து சந்தித்த இடம் அதுதான்.

பூசும் பொருளும் சாதாரணமானதல்ல. வீட்டில் உடைந்த சோழி இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புக்கு மூலப்பொருளான கால்சியம் கார்பனேட்தான் அது. ஆனால் சோழி அதை அரகோனைட் என்ற படிக வடிவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பட்டிகளாக அடுக்குகிறது. ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசை அந்தப் பக்கம் சாயும். நடுவே ஒட்டுவதற்குச் சொற்பப் புரதம். மேலே விழுந்த அடியால் விரிசல் கிளம்பினால் நேராக ஓட வழியில்லை. ஒவ்வொரு வரிசையிலும் திரும்பித் திரும்பித் தன் வேகத்தை இழக்கும். எத்தனை முறை தாயத்தில் தரையில் போட்டாலும் சோழி உடையாததற்குக் காரணம் இந்த அடுக்குதான்.

சுருள் எங்கே போனது?

நத்தை என்றால் சுருள் இருக்க வேண்டும். சோழியில் அதைக் காணோம். இதற்கு விடை வேறெங்கும் இல்லை, மாட்டுப் பட்டையிலேயே தைத்து வைத்திருக்கிறது.

பட்டைக்குத் தைக்கும் சோழியில் முதுகைத் தட்டி எடுத்துவிடுவார்கள். அப்போதுதான் நூல் நுழையும், துணியோடு படிந்தும் உட்காரும். பட்டையில் தளர்ந்த சோழி ஒன்று கிடைத்தால் திருப்பி, முதுகுப் பக்கத் திறப்பு வழியாக உள்ளே பாருங்கள். ஒரு முனையில், உட்புறமாக, தாள் சுருட்டியதுபோல் ஒரு சுருள் தெரியும். சோழிக்குள் புதைந்த நத்தை வடிவம் அதுதான். ஆய்வகத்தில் அறுத்துக் காட்ட வேண்டியதைச் சந்தைக் கடைக்காரரே தட்டிக் காட்டிவிட்டார்.

அது எப்படிப் புதைந்தது என்று தெரிய, சோழியின் குழந்தைப் பருவத்துக்குப் போக வேண்டும். தாய்ச் சோழி கல்லின் அடியில் முட்டைப் பொதிகளை இட்டு, அவற்றின் மேல் பாதத்தை விரித்து அமர்ந்து காக்கிறது. பொரித்து வரும் லார்வாக்கள் நீரோட்டத்தோடு மிதந்து போகும். பாறையில் இறங்கித் தங்கும் குட்டிச் சோழியைப் பார்த்தால் சோழி என்றே சொல்லமாட்டீர்கள். மெல்லிய ஓடு, அகன்ற வாய், கூரான உதடு, முனையில் தெளிவாகத் தெரியும் சுருள். எல்லா நத்தையையும்போல உதட்டு விளிம்பில் சுண்ணாம்பு சேர்த்துச் சேர்த்தே அதுவும் வளர்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை முழுக்க மூடிக்கொண்டு போகிறது. கடைசிச் சுற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பிறகு ஒருநாள் வளர்ச்சியின் போக்கே மாறுகிறது. வெளிநோக்கிப் போன உதடு உள்நோக்கி மடங்குகிறது. மடங்கிய உதடு தடிக்கிறது. இரண்டு பக்கமும் பற்கள் எழும்புகின்றன. அகன்ற வாய் ஒடுங்கிப் பிளவாகிறது. அதோடு நீளம் நின்றது. இனி அந்தச் சோழி பெரிதாகாது. வாய் ஒடுங்கியபின் விளிம்பில் சேர்க்க இடமில்லை. எஞ்சியது வெளிப்பூச்சு மட்டும். போர்வைச்சதை முதுகிலும் பக்கத்திலும் பூசிக்கொண்டே இருக்க, ஓடு தடித்துக்கொண்டு போகிறது.

அப்படியானால் உள்ளே இடம் போதுமா? சோழி அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. தன் ஓட்டின் உட்சுவர்களைத் தானே கரைத்து மெல்லியதாக்கிக்கொள்கிறது. வெளியே பூசுகிறது, உள்ளே கரைக்கிறது. முதுகு தட்டிய சோழியில் வெளிச்சுவரின் தடிப்பையும் உள்சுருளின் மெல்லிய தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே உயிரின் வேலை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

பற்கள் எதற்கு?

தாயம் ஆடும்போது நாம் ‘வாய்’ என்று பார்க்கும் பக்கத்தில் இரண்டு வரிசைப் பற்கள் உண்டு. இவை கடிக்காது, மெல்லாது. இவை காவலுக்கு.

இதை உலகுக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் கீரத் வெர்மேய். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மூன்று வயதிலேயே முழுக்கப் பார்வை இழந்தவர். பள்ளி ஆசிரியை ஒருவர் ஃப்ளோரிடாக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஓடுகளைத் தடவிப் பார்த்ததில் தொடங்கியது அவருடைய ஆர்வம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானார். ஒவ்வொரு ஓட்டையும் விரல் நுனியால் ‘படித்து’, உதட்டின் தடிப்பு, வாயின் அகலம், ஆறிய காயங்களின் தழும்பு எல்லாவற்றையும் கணக்கிட்டார். வெப்பமண்டலக் கடல்களில், அதிலும் இந்து மகாசமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும், நத்தை ஓடுகள் மற்ற கடல்களைவிடத் தடிப்பாகவும் குறுகிய வாயோடும் பல்லோடும் இருப்பதைக் கவனித்தார். அங்கே ஓடுடைக்கும் நண்டுகளும் மீன்களும் அதிகம், பலமும் அதிகம். வேட்டையாடுவோர் பலம் கூடக் கூட இரையின் கோட்டையும் பலப்படுகிறது என்பதை 1987-ல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதினார்.

சோழியை அந்தக் கண்ணோடு பாருங்கள். பெட்டி நண்டு தன் வலது கொடுக்கில் உள்ள கொம்பு போன்ற பல்லை நத்தையின் உதட்டில் மாட்டி, சிறிது சிறிதாக நொறுக்கிக்கொண்டே உள்ளே போகும். சோழியின் உதடு உள்ளே மடங்கியிருப்பதால் மாட்டுவதற்கு விளிம்பே கிடைக்காது. வழவழத்த முதுகில் கொடுக்கு வழுக்கும். ஒடுங்கிய பிளவில் பல் வரிசை வேறு தடுக்கும். மற்றப் பல கடல் நத்தைகளுக்கு வாயை அடைக்கத் தனி மூடி உண்டு; வளர்ந்த சோழிக்கு அது கிடையாது, தேவையும் இல்லை. சோழிக்கு எதிரியே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆக்டோபஸ் ஓட்டில் துளை போட்டு நஞ்சு செலுத்தித் தின்றுவிடும். பிளவு வழியே நுழையப் பார்ப்பவர்களிடமிருந்து மட்டும் சோழி பெரும்பாலும் தப்பித்துவிடும்.

வளர்ச்சி நின்றதால் வந்த மதிப்பு

நீளம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதால் வளர்ந்த சோழிகள் ஓரளவுக்கு ஒரே அளவில் கிடைக்கின்றன. இடத்துக்கு இடம் அளவு மாறும். மாலத்தீவுச் சோழி சிறியது. ஆனாலும் எண்ணிக் கொடுக்க, எண்ணி வாங்க அது போதும். இதோடு உடையாத ஓடு, மங்காத மெருகு, போலி செய்யக் கடினமான வடிவம். உலோக நாணயத்தோடு போட்டியிட்டு நூற்றாண்டுகள் நின்ற நாணயமாகச் சோழி ஆனதற்கு இந்த உயிரியலே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய இபன் பதூதா, அங்கே சோழியைக் கடலிலிருந்து பிடித்துக் கரையில் குழி தோண்டிப் போடுவதையும், சதை அழுகி வெள்ளை ஓடு மிஞ்சுவதையும், அதை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்குவதையும் எழுதியிருக்கிறார். வங்காளத்தில் 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காஹன். ஒரு காஹனுக்கு 1280 சோழி. 1778-ல் சில்ஹெட்டுக்குக் கலெக்டராகப் போன ராபர்ட் லிண்ட்சே, ரூபாய்க்கு 5120 என்ற கணக்கில் வரியைச் சோழியாகவே வசூலித்து, படகு படகாக டாக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தக் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சோழியை ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய வணிகர்கள் சான்சிபாரிலிருந்து மோதிரச் சோழியை மலிவாக அள்ளிக்கொண்டு போய் மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டினார்கள். சோழியின் மதிப்பு சரிந்தது. ஒடிசாவிலும் ஆங்கிலக் கம்பெனி சோழிப் புழக்கத்தை நிறுத்தி வெள்ளியில் வரி கேட்டதுதான் 1817-ல் வெடித்த பைக்கர் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்று.

மெருகு தரும் சாட்சியம்

இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சங்கடமான முடிவொன்று வருகிறது. மெருகைப் புதுப்பிப்பது உயிருள்ள சதை. சோழி இயற்கையாகச் செத்தால் ஓடு அலையில் உருண்டு, மணலில் தேய்ந்து, வெயிலில் வெளுத்துவிடும். மணலில் இருக்கும் குவார்ட்சு சோழியைவிடக் கடினமானது, எளிதில் கீறும். கீறலை நிரப்ப அப்போது ஆள் இல்லை. ஆகவே கடையில் கண்ணாடிபோல் மின்னும் சோழி, பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்ட சோழிதான்.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டபோது அவற்றில் மூன்று சோழி இனங்களும் இருந்தன. காசுச் சோழியும் மோதிரச் சோழியும் அவற்றில் இல்லை. அவை இன்னும் ஏராளமாக இருக்கின்றன என்பது உண்மை. அவை வாழ்வதற்குப் பவளப்பாறை வேண்டும் என்பதும் உண்மை. கடல் சூடேறி 2016-ல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தைப் படித்தவர்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் பழைய சோழிப்பட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இற்றுப்போயிருப்பது நூலும் துணியும்தான், சோழிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிரித்து எடுத்துப் புதுப்பட்டையில் தைத்துக்கொள்ளலாம். பட்டையோடு சேர்ந்த பித்தளைச் சலங்கையைப் புளி போட்டுத் துலக்குவதாக இருந்தால் சோழியைத் தனியே கழற்றி வையுங்கள். புளியின் அமிலம் மெருகைத் தின்றுவிடும், அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் பழைய பளபளப்பு திரும்பாது. ராமேசுவரம் பக்கம் போய், கடல் வற்றிய நேரத்தில் பிள்ளைகள் கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பிறகு முன்பிருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு தாய்ச் சோழி முட்டைகளின் மேல் அமர்ந்திருக்கலாம்.